ஆடியில் நின்ற பூநாரை

நூற்றாண்டு மேடையில் டொக்டர்மார் ஏறினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் ஒரு பறவையைப் பார்க்கப் போன கதையைச் சொல்ல வந்திருக்கிறோம்.

ஓர் ஆடி மாதம் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்குக் கட்டைபறிச்சானில் இருந்து ஒரு படம் வந்தது. களப்பு நடுவே தனியாக ஒரு பூநாரை. அனுப்பியவள் சாதாரண தரம் வரை எங்களோடு விடுதியில் இருந்தவள். இன்று இந்தச் சபையிலும் இருக்கிறாள். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவாள், அதனால் சொல்லவில்லை.

பூநாரை மாரிகாலத்து விருந்தாளி. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் களப்புகளிலும் அந்தக் காலத்தில் கூட்டமாக நிற்கும். கச்சான் காற்று அடிக்கிற ஆடியில், அதுவும் ஒன்றே ஒன்றாக, எங்கள் பக்கத்திலா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வான் பிடித்தோம்.

கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நாங்கள் படித்த காலத்தில் கிண்ணியாவில் பாதையில் ஏறி அக்கரைப்பட வேண்டும், இல்லாவிட்டால் மூதூர் லோஞ்ச். விடுதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதென்றால் அது ஒரு பெரும்பயணம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயணம் சுருங்கிவிட்டது. மூதூரைத் தாண்டி, சம்பூருக்குப் போகும் வழியில் கட்டைபறிச்சான். பாட்டுப் போட்டு முடியுமுன் வந்துவிட்டோம்.

பறவையைக் கண்டதும் முதலில் வந்தது ஏமாற்றம். ரோசாப்பூ நிறத்தை எதிர்பார்த்துப் போன எங்களுக்கு முன்னால் சாம்பல் பூசியதுபோல ஒரு பறவை நின்றது. "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றாள் ஒருத்தி. பிறகுதான் விளங்கியது, அது இளம் பறவை. பூநாரைக்குப் பிறக்கும்போது அந்த நிறம் இல்லை. தின்னும் பாசியிலும் சின்ன இறாலிலும் உள்ள நிறப்பொருள்தான் மெல்ல மெல்ல இறகில் ஏறுகிறது. முழுதாக ஏற வருடக்கணக்காகும்.

தொழில் புத்தி சும்மா இருக்காதே. காலம் தப்பி நிற்கிறது என்றால் நோயோ காயமோ என்று பைனாகுலரில் சோதித்தோம். இரண்டு காலிலும் சரியாகப் பாரம் வைத்தது. செட்டை தொங்கவில்லை. காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்துச் சொண்டால் அரித்து, ஒரு மணித்தியாலம் விடாமல் தின்றது. நோயாளிக்கு இந்தப் பசி இராது. இணைசேரும் வயது வராத பறவைகளில் சில, மற்றவை போகும்போது கூடப் போவதில்லை. குஜராத்தின் கச்சு உப்புவெளிவரை பறந்துபோய் அதற்கு ஆகவேண்டிய அலுவலும் இல்லை. வெயிலுக்குக் களப்பு வற்றி உப்பேறிக் கிடந்தது. அது பூநாரைக்கு வாய்ப்பான தண்ணீர். இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமான புந்தலவில் நீர்ப்பாசனத் தண்ணீர் வந்து சேர்ந்து களப்பின் உப்புக் குறைந்தபோது பூநாரைகள் அந்த இடத்தைக் கைவிட்டன. நன்னீர் நல்லது என்று நாம் நினைக்கிறோம், அதற்கு அப்படியல்ல.

கிட்டப் போய்ப் படமெடுக்க எங்களுக்கும் ஆசைதான். அவளுடைய மகன் விடவில்லை. எழுப்பிப் பறக்க வைத்தால் தின்றதெல்லாம் வீண் என்று அம்மா சொல்லியிருக்கிறாவாம். படமெடுப்பதற்காகக் கல்லெறிந்த இரண்டு பெடியன்களை முதல்நாள் அவன்தான் விரட்டியிருக்கிறான்.

பிறகு வேப்பமர நிழலில் இருந்து அவள் போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தோம். களப்போரத்தைக் காட்டி, "முகாம் இந்தப் பக்கம்தான் இருந்தது" என்றாள். அவள் சம்பூர்க்காரி. 2006இல் இடம்பெயர்ந்து, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியில் கட்டைபறிச்சான் முகாமில் தகரக் கொட்டிலுக்கு வந்தவள். 2015, 2016இல் சம்பூர்க் காணிகள் விடுபடும்வரை அங்கேதான். மகன் நடை பழகியதும் அங்கேதான்.

"ஆராவது வருவியள் எண்டு பாத்தனான்" என்றாள், சீனி போதுமா என்று கேட்ட அதே குரலில்.

எங்களுக்குச் சொல்ல மறுமொழி இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்து வந்த நோயாளிகளைப் பார்த்தோம், மருந்து எழுதினோம். பாலம் திறந்த பிறகும் ஒருநாள் அங்கே போகவில்லை. அவள் அங்கே இருக்கிறாளா என்று விசாரிக்கவுமில்லை.

வானில் ஏறும்போது கேட்டோம், படத்தை ஏன் அனுப்பினாய் என்று. சிரித்தாள். "குருவி எண்டால் வருவியள் எண்டு தெரியும்."

ஐப்பசி மழைக்குக் களப்பு நிரம்பியபோது அந்தப் பறவை இல்லை என்று செய்தி அனுப்பினாள். தைப்பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனோம்.

இந்த மலருக்கு எங்கள் வகுப்புப் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தது நாங்கள்தான். உயர்தர இடாப்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம்; அவள் பெயர் அதில் இல்லாமல் போனது. இப்போது சேர்த்திருக்கிறோம். அவளைப் போல இடையில் நின்றவர்கள் எங்கள் வகுப்பில் மட்டும் பதினொரு பேர். ஏழு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற நாலு பேரின் பெயர்களை வாசலில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது பாருங்கள். தெரிந்தவர்கள் இருந்தால் எங்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.