கோப்புக்குச் செல்லும் வழி



கோப்பு என்பது நம் நாட்டுக் கந்தோர்களிலே நெடுங்காலமாய் வழங்கிவரும் சொல். மட்டைக்குள் வைத்து, நாடாவாற் கட்டி, இலக்கமிட்டு அலுமாரியில் அடுக்கிய கடிதக் கட்டையே அது குறித்தது. அக்கட்டுகளுக்குப் பொறுப்பான இலிகிதரிடம் இலக்கத்தைச் சொன்னால் அவர் தேடுவதில்லை. நேரே சென்று எடுத்து வருவார். கணினியிலே வேலை செய்யும் நம்மிற் பலரோ நாள்தோறும் தேடிக்கொண்டிருக்கிறோம். கணினித் திரையிலே கோப்புகளுக்கிடையே விரைந்து சென்று வருவது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இது நேரத்தை மிச்சம் பிடிக்கும் காரியம் மட்டுமன்று. காணி உறுதியின் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகிய யாவும் இன்று கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. அவற்றை அங்கே வைத்தவர் நோயுற்றுப் படுத்த நாளிலே வீட்டார் எடுக்க இயலாவிடில், அவை இருந்தும் பயனில்லை.

கோப்புறைக்குள்ளே கோப்புறை வைக்கும் முறை பழையது. அமெரிக்காவிலே மல்ட்டிக்ஸ் என்னும் பெருங்கணினித் திட்டத்துக்காக டேலி, நியூமன் என்னும் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலே, கோப்புகளை மரத்தின் கிளைகள் போலப் பிரித்து வைக்கும் ஒழுங்கை விளக்கினர். அடிமரத்திலிருந்து கிளைகளின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு போனால், எந்தக் கோப்புக்கும் ஒரு பாதை அமைந்துவிடுகிறது. 1981இல் வெளிவந்த செரொக்ஸ் ஸ்டார் என்னும் பொறி, அக்கிளைகளைக் கந்தோர் மட்டைகளாகவும் லாச்சிகளாகவும் திரையிலே படம் வரைந்து காட்டிற்று. படம் வந்தது நன்மையே. ஆயினும் மட்டையைத் தொட்டுத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் தொட்டுத் திறந்து செல்வதே ஒரே வழி என்னும் எண்ணமும் அதனோடு நமக்கு ஒட்டிக்கொண்டது.

விண்டோஸ் வழங்கும் கணினியை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் விசையோடு ஈ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் கோப்புச் சாளரம் திறக்கும். அங்கே நூறு கோப்புகள் கிடந்தாலும் கண்ணால் துழாவ வேண்டா. வேண்டிய பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை இடைவிடாது தட்டினால் தெரிவு அப்பெயரிலே போய் நிற்கும். என்டர் விசை உள்ளே கொண்டு செல்லும். அல்ட் விசையோடு மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் ஒரு படி மேலே ஏறலாம். இடப்பக்க அம்பை அழுத்தினால் வந்த வழியே மீளலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் உளர். மேலே ஏறுவது மரத்திலே ஏறுவது. மீள்வது நாம் நடந்த தடத்திலே திரும்புவது. அல்ட் விசையோடு டீ எழுத்தை அழுத்தினால் சாளரத்தின் உச்சியிலுள்ள முகவரிப் பட்டைக்குச் செல்வோம். அங்கே பாதையைத் தட்டத் தொடங்கியதும் மீதியைக் கணினியே எடுத்துக் காட்டும். ஒரு கிழமை பழகினால் விரல்கள் இவற்றைத் தாமாகவே செய்யும்.

அடிக்கடி செல்லும் இடங்கள் எவர்க்கும் ஐந்தாறுக்கு மேல் இரா. அவற்றைச் சாளரத்தின் இடப்பக்கப் பட்டியலிலே பதித்து வைக்கலாம். கோப்பொன்றைச் சேமிக்கும் வேளையிலே தோன்றும் சிறு சாளரத்திலும் பெரும்பாலும் அதே பட்டியலே வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ட இடத்திலே சேமித்துவிட்டுப் பின்னர் இடம் மாற்றும் வேலை இதனால் இல்லாது போகும்.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கோப்புகளை மாற்றுவதற்கு இரண்டு இடங்களையும் ஒருங்கே காண்பதுதான் சிறந்தது. ஜோன் சோச்சா என்பவர் ஆக்கி 1986இல் வெளிவந்த நோர்ட்டன் கொமாண்டர் என்னும் மென்பொருள், நீலத் திரையிலே இடமும் வலமுமாக இரு பட்டியல்களை நிறுத்தி இதைச் செய்து காட்டிற்று. அவ்வழியில் வந்த மென்பொருள்களை விரும்பிக் கையாள்வோர் இன்றும் உளர். பழக்கப்பட்டவர் அதிலே வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு காட்சி. அது இல்லாதவர் இரண்டு சாளரங்களைத் திறந்து, விண்டோஸ் விசையோடு இட அம்பையும் வல அம்பையும் அழுத்தி அருகருகே நிறுத்தலாம். விண்டோஸ் 11இலே 2022 தொடக்கம் ஒரே சாளரத்துக்குள் பல தாவல்களைத் திறக்கவும் வசதியுண்டு.

இவ்வளவு பாடு எதற்கு, தேடற் பெட்டியிலே பெயரைத் தட்டினால் ஆகாதோ என இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஓஃபர் பெர்க்மன், ஸ்டீவ் விட்டேக்கர் முதலிய ஆய்வாளர் இதனை ஆராய்ந்தனர். தேடுகருவிகள் திருந்திய பின்னரும், மக்கள் தம் கோப்புகளை இடமறிந்து சென்று எடுப்பதையே விரும்புகின்றனர் என்றும், இடம் மறந்தபோதே தேடலை நாடுகின்றனர் என்றும் அவர்கள் கண்டனர். வீட்டிலே சர்க்கரைப் போத்தலை நாம் பெயர் சொல்லித் தேடுவதில்லை. கை அந்த இடத்துக்குப் போகிறது. தேடலுக்கோ சரியான சொல் நினைவில் இருக்க வேண்டும்.

தமிழிலே எழுதுவோர்க்கு இதில் வேறொரு சங்கடமும் உண்டு. யுனிக்கோட் பரவுமுன்னர் நம் நாட்டிலே பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்தோம். திரையிலே அகரமாகத் தோன்றுவது அக்கோப்பினுள்ளே ஆங்கில எம் எழுத்தாகவே பதிந்திருக்கிறது. இன்று யுனிக்கோட்டிலே ஒரு சொல்லைத் தட்டித் தேடினால், அதே சொல் நூறு முறை வரும் பழைய கோப்பு அகப்படாது. சங்கங்களின் அறிக்கைகள், விழா மலர்கள், கல்வெட்டுகள் என அக்காலத்திலே ஆக்கப்பட்டவை எத்தனையோ வீடுகளில் இவ்வாறு கிடக்கின்றன. கோப்பின் பெயரும் அது வைக்கப்பட்ட இடமுமே அவற்றுக்குத் துணை. கையிலுள்ள பழைய கோப்புகளைத் திறந்து பார்த்து, பொருள் விளங்கும் பெயரை இப்போதே இட்டுவிடுவது அவசியமான வேலை. கோப்பைத் தெரிந்துகொண்டு எஃப் 2 விசையை அழுத்தினாற் பெயரை மாற்றலாம்.

பெயரிடும்போது ஆண்டை முன்னும், மாதத்தை அடுத்தும், நாளைக் கடைசியிலும் எழுதுக. 2024-03-07 என்றவாறு தொடங்கும் பெயர்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து முதலாந் திகதிகளும் ஒன்றாய்க் குவியும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘இறுதி திருத்தியது’ என்று பெயரிடும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றுள் எது இறுதி என்பதை எழுதியவரே அறியார்.

கோப்புறைகளை மிக ஆழமாக அடுக்குதலும் தீது. விண்டோஸில் முழுப் பாதையின் நீளத்துக்கு 260 எழுத்தளவு என்னும் பழைய எல்லை பல மென்பொருள்களில் இன்னும் செல்லும். தமிழ்ப் பெயர் அவ்வெல்லையை விரைவில் எட்டிவிடும். ‘விண்ணப்பம்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எண்ணும் கணினிக்கு அது பத்து. எனது அனுபவத்திலே மூன்று அல்லது நான்கு படிகள் போதும்.

கொன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய விசைகளோடு என் எழுத்தை அழுத்தினால் புதிய கோப்புறை ஒன்று தோன்றி, பெயருக்காகக் காத்து நிற்கும். அப்போதே பெயரைத் தட்டிவிடுக. வீட்டுக் கணினியில் முதலிலே ஒழுங்குபடுத்த வேண்டியது, இணையத்திலிருந்து இறக்கியவை வந்து குவியும் கோப்புறை. உறுதியும் பத்திரமும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அவற்றை வீட்டார் பெயரிலே தனித்தனிக் கோப்புறைகளுக்கு மாற்றி, அவ்விடத்தை இன்னொருவருக்கும் காட்டி வைக்கலாம்.