முதல் கட்டுரை வாசிப்பவர்களுக்கு



தை பிறந்துவிட்டால் நம் கல்லூரிகளில் கருத்தரங்குகளும் களைகட்டிவிடும். பதிவுக் கட்டணம், ஐ.எஸ்.பி.என். எண் போட்ட ஆய்வுக்கோவை, பொன்னாடை, சான்றிதழ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதாம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிள்ளைகள் முதல் கட்டுரையோடு வந்து நிற்பதும் இந்த அரங்குகளில்தான். தலைக்கு ஐந்து நிமிடம். திரையில் இருப்பதை அப்படியே மூச்சுவிடாமல் படிக்கிறார்கள். மணி அடிக்கிறது, சான்றிதழ் கொடுக்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள். கேள்வி மட்டும் யாரும் கேட்பதில்லை. கேள்வி கேட்கப்படாத கட்டுரை வாசிக்கப்பட்ட கட்டுரையே அல்ல என்பது என் முடிவான கருத்து.

எழுதியதைக் கேட்பவர் முன் வைப்பது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. யார் எழுதினார் என்பதோடு யார் கேட்டார் என்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள், பாருங்கள். கேட்டவருக்கு அவ்வளவு மதிப்பு.

என் துறை கல்வெட்டு. முதல் கட்டுரை எழுதப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் படிக்கச் சொல்வது ஒரே ஒரு கட்டுரைதான். 1924இல் சென்னையில் நடந்த மூன்றாவது அனைத்திந்திய கீழ்த்திசை மாநாட்டில் கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பாண்டிய நாட்டுக் குகைக் கல்வெட்டுகளைப் பற்றி வாசித்தது. அது அவருடைய முதல் கட்டுரை அல்ல. ஆனாலும் ஒரு கட்டுரை எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

மாங்குளம் போன்ற பாண்டிய நாட்டு மலைக்குகைகளில் பிராமி எழுத்து இருப்பது அப்போதே தெரிந்த செய்தி. 1919இல் புனேயில் கூடிய முதல் கீழ்த்திசை மாநாட்டிலேயே எச். கிருஷ்ண சாஸ்திரி இந்தக் கல்வெட்டுகளைப் பற்றி விரிவாகப் பேசியிருந்தார். அங்கங்கே தமிழ்ச் சொற்கள் அவர் கண்ணில் பட்டன. ஆனாலும் வாசகங்கள் முழுதாகப் பொருள் தரவில்லை. ஐயர் புதிய குகை எதையும் தேடி ஓடவில்லை. அதே கல்லைத்தான் பார்த்தார். சில எழுத்துகள் அசோகன் பிராமியோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று பார்த்தார். ழ, ள, ற, ன என்னும் ஒலிகளுக்கான வடிவங்கள் அவை என்று கண்டார். ழகரமும் றகரமும் பிராகிருதத்துக்கு எதற்கு? தமிழுக்குத்தான் வேண்டும். ஆகவே கல்லில் இருப்பது தமிழ்.

எத்தனை சிறிய சான்று, எவ்வளவு பெரிய முடிவு! சான்றை முன்னால் வைத்தார். முடிவு பின்னால் தானே வந்தது. இளைய ஆய்வாளர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: சான்று முன்னால், முடிவு பின்னால். எல்லோரும் அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிடவில்லை. பிராகிருதம் என்றே அதற்குப் பிறகும் வாதாடியவர்கள் உண்டு. 1960களில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இந்தக் கல்வெட்டுகளை மறுபடி கையிலெடுத்தபோது ஐயர் போட்ட பாதை இருந்தது. 2003இல் வெளிவந்த தம் பெருநூலில் மகாதேவன் அவருக்குரிய பெருமையைக் கொடுத்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தலைமை தாங்கிய ஓர் அமர்வில் ஒரு மாணவி பேசினார். திரையைப் பக்கம் தள்ளிவிட்டு, தான் எடுத்த மைப்படியைச் சுவரில் ஒட்டினார். ஒரு கோயிலின் துண்டுக் கல்வெட்டு அது. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும் அல்லவா? ஓர் ஊர்ப்பெயரில் முன்பு ரகரமாகப் படித்ததைக் கால் என்று படிக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான் கட்டுரை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "அம்மா, அடுத்த வரியிலும் அதே எழுத்து வருதே, அங்கே என்ன செய்வீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் மைப்படியருகே போய் விரல் வைத்துக் காட்டி, "அங்கே ரகரம்தான் ஐயா, காலென்று படித்தால் சொல்லே அமையாது" என்றார். அரங்கில் இருந்தவர்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து சுவரோரம் கூடிவிட்டார்கள். மணி அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய பிள்ளைகள் கையில் இருபது, முப்பது படவில்லைகள். முதல் ஐந்தும் ஆய்வின் நோக்கம், எல்லை, அணுகுமுறை என்று போய்விடும். பேச எடுத்துக்கொண்ட பொருள் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஒரு கட்டுரைக்கு ஒரு செய்தி போதும். ஒன்றே ஒன்று. அதை எழுதிவைத்துப் படிக்காதீர்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கட்டுரையில் எந்த இடம் பலவீனமானது என்பதை நீங்களே தெரிந்துகொண்டு போங்கள். கேள்வி அங்கேதான் வரும்.

கருத்தரங்கு நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் அமர்வுக்கு ஆறு கட்டுரைக்கு மேல் வைக்காதீர்கள். முதல் கட்டுரை வாசிக்கும் பிள்ளைக்குப் பத்து நிமிடம் பேசக் கொடுங்கள், பத்து நிமிடம் கேள்விக்குக் கொடுங்கள். அந்தத் துறை தெரிந்த ஒருவரையாவது கடைசிவரை அரங்கில் உட்கார வையுங்கள்.