நோயாளி இருக்கும் இடத்தின் சுத்தம்



வீட்டில் யாருக்கு முடியாமல் போனாலும் பக்கத்தில் இருந்து பார்ப்பது நாம்தான். வாந்தியை அள்ளுவதும் நாம்தான், அடுப்படிக்குப் போய் சோறாக்குவதும் நாம்தான். அதனால் இந்த விஷயம் டாக்டர், நர்ஸை விட நமக்குத்தான் முக்கியம்.

பினாயில் வாசம் வந்தால் கிருமி செத்துப் போச்சுன்னு நினைக்கிறோம். அது சரியில்லை. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு பட்டால் உடைந்துவிடும். வாந்திபேதி உண்டாக்கும் நோரோ, ரோட்டா வைரஸ்களுக்கு அந்த உறை கிடையாது. நோரோ வைரஸ் பினாயிலுக்கும் சானிடைசருக்கும் லேசில் சாகாது. அதுக்கு பிளீச்சிங் பவுடர்தான் சரி.

முதலில் அழுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடைக்கணும். அழுக்கு மேலேயே ஊற்றினால் பிளீச்சிங்கின் சக்தி அதிலேயே தீர்ந்துவிடும். பிறகு 1 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 3 கிராம் புது பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த தண்ணீரால் துடைத்து, 10 நிமிஷம் ஈரமாக விடணும். வாந்தி, பேதி பட்ட இடத்துக்கு 15 கிராம். கடைசியில் வெறும் தண்ணீரால் துடைத்தால் இரும்பு துருப்பிடிக்காது.

தரையை விட, கை படும் இடம்தான் முக்கியம். கட்டில் சட்டம், கதவுத் தாழ்ப்பாள், குழாய், கக்கூஸ் வாளி, கப்பு.

என் மாமியார் வாந்திபேதியில் படுத்திருந்தபோது, தினமும் இரண்டு வேளை கட்டிலைத் துடைத்தேன். "என்னைத் தீட்டு மாதிரி ஒதுக்குறியா?" என்று கண் கலங்கினார். "இல்லை அத்தை, உங்க பேரன் இந்தக் கட்டில் காலைப் பிடிச்சுத்தான் எழுந்து நிக்கிறான்" என்றேன். மறுநாள் அவரே, "பத்து நிமிஷம் ஆகலை, பிள்ளையைத் தூக்கு" என்று குரல் கொடுத்தார். துடைப்பது நோயை, ஆளை இல்லை. இதை நோயாளியிடம் வாய் திறந்து சொல்லணும்.

சில எச்சரிக்கைகள். பிளீச்சிங்கோடு ஆசிட்டோ, பாத்ரூம் கழுவும் மருந்தோ சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அன்றன்றைக்குப் புதுசாகக் கலக்குங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும், ஒவ்வொரு குழுவும் இதை ஒரு தடவை கலந்து காட்டணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.