துறைமுகம் தாண்டுறதுக்கு முன்னே

(கோணேசர் தரிசனத்துக்காகத் திருகோணமலை வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஒரு மாலை நேரத்தில் நிகழ்த்திய உரை.)



காலையில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிச்சோம். பிறகு துறைமுகத்தையும் பார்த்துட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம். சந்தோஷமான நேரத்தில் நோயைப் பத்திப் பேசுறாங்களே என்று முகம் சுளிக்க வேண்டாம். தோட்டத்தில் எல்லாரும் இப்படி ஒண்ணா உட்காருவது அபூர்வம். பேசப்போவது மார்புப் புற்றுநோய் பற்றி. ஆம்பிளைகள் எழும்பிப் போக வேண்டாம். இந்த நோய் வருகிற நூறு பேரில் ஒருவர் ஆம்பிளை. அதோட, உங்க அம்மாவும் சம்சாரமும் மகளும் நல்லா இருக்கணும்னா நீங்களும் கேட்கணும்.

முதலில் எங்க தப்பைச் சொல்லிடுறோம். எங்க டிவிசனில் ஒரு அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி. வலி இல்லை. கூடைக் கயிறு இழுத்த வீக்கம் என்று எண்ணெய் போட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குப் பேர் போயிடும் என்று பயம். ஒருநாள் எங்ககிட்ட வந்து, "ஐயா, ஒருநாள் லீவு கேட்டுத் தருவீங்களா?" என்று கேட்டாங்க. என்ன வருத்தம் என்று நாங்க கேட்கவில்லை. அவங்களும் வெட்கத்தில் சொல்லவில்லை. "கொழுந்து நிறைய நிக்குது, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று அனுப்பிட்டோம். அந்த அடுத்த மாசம் எட்டு மாசமா ஆச்சு. டொக்டர் பார்க்கும்போது நோய் மூன்றாம் கட்டம். அந்த அம்மா இன்னிக்கும் நம்மோட இருக்காங்க. ஆனா பட்ட வேதனை கொஞ்சநஞ்சமில்லை. "எல்லாருக்கும் சொல்லுங்க" என்று எங்களுக்குச் சொன்னதே அவங்கதான்.

மூன்றாம் கட்டம் என்றால் என்ன? இன்னிக்குப் பார்த்த துறைமுகத்தை வச்சே சொல்லுறோம்.

நோய் பால் குழாய்க்குள்ளேயே அடங்கிக் கிடந்தால் அது பூச்சியக் கட்டம். கப்பல் ஜெட்டியில் கட்டியபடி நிற்குது. குழாயை விட்டு வெளியே வந்து, கட்டி 2 சென்டிமீட்டருக்குள், அதாவது பெருவிரல் அகலத்துக்குள் இருந்தால் முதலாம் கட்டம். கயிறு அவிழ்ந்துட்டுது, கப்பல் இன்னும் ஜெட்டி ஓரம்தான். கட்டி 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆனாலும், சின்னதா இருந்தே அக்குளில் உள்ள நெறிக்கட்டி ஒன்றிரண்டைத் தொட்டாலும், பெரும்பாலும் இரண்டாம் கட்டம். கப்பல் உள் துறைமுகத்தில் ஓடத் தொடங்கிட்டுது. அக்குளில் பல நெறிக்கட்டிகளைப் பிடித்தாலோ, தோலையோ நெஞ்சுச் சுவரையோ பிடித்தாலோ மூன்றாம் கட்டம். கப்பல் துறைமுக வாய்க்கு வந்துட்டுது. எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை என்று தூரத்து உறுப்புக்குப் போய்விட்டால் நான்காம் கட்டம். கப்பல் பெருங்கடலில்.

ஜெட்டி ஓரத்தில் பிடித்தால் பெரும்பாலானவங்க குணமாகி, பேரப்பிள்ளை காணுறாங்க. மூன்றாம் கட்டத்திலும் குணமாக்கத்தான் வைத்தியம் செய்யுறாங்க, ஆனால் மருந்தும் கூட, கஷ்டமும் கூட. நான்காம் கட்டத்திலும் கைவிடுறதில்லை. நோயை அடக்கி, வலியைக் குறைத்து, ஆயுளை நீட்ட வழி உண்டு.

இனி வகை. தேயிலை ஒன்றாத் தெரிந்தாலும் பெக்டரியில் சலித்தால்தானே பீ.ஓ.பீ. வேறு, டஸ்ட் வேறு என்று பிரியுது? கட்டியும் அப்படித்தான். அதிகமா வருவது பால் குழாயில் தொடங்கும் வகை. பால் சுரக்கும் இடத்தில் தொடங்குவது இன்னொரு வகை. இதில் கட்டி கைக்குத் தெளிவாத் தட்டாமலும் இருக்கலாம். அபூர்வமான ஒரு வகையில் கட்டியே இராது. மார்பு சிவந்து, வீங்கி, தோல் தோடம்பழத் தோல் மாதிரி ஆகும். அது வேகமாப் பரவும், கண்டுபிடிக்கும்போதே மூன்றாம் கட்டமாவது ஆகியிருக்கும். அதனால் கட்டம் முற்றியவங்களைப் பார்த்து "நீ சுணங்கினதாலதான்" என்று யாரும் குத்திக் காட்டக் கூடாது.

பயொப்சி செய்து லாபில் பார்க்கும்போது இன்னொரு பிரிவும் தெரியும். பெண் ஹோர்மோனில் வளரும் நோய்க்கு டமொக்சிஃபென் மாதிரிக் குளிசை ஐந்து வருசம், சிலருக்குப் பத்து வருசம் கொடுப்பாங்க. சுகம் என்று இடையில் நிறுத்தக் கூடாது. ஹேர்-டூ என்ற புரதம் கூடின நோய்க்கு ட்ராஸ்டுசுமாப் ஊசி உண்டு. இவை எதுவும் இல்லாத வகைக்குக் கீமோ மருந்துதான் முக்கியம். அதனால் பக்கத்து லயத்து அக்காவுக்குக் கொடுத்த மருந்தை உங்களுக்கு ஏன் தரவில்லை என்று சண்டை பிடிக்க வேண்டாம். கட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கு என்று சொல்லும். வகை எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும். ரிப்போட்டைப் பத்திரமா வச்சு, இரண்டையும் டொக்டரிடம் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

"ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவும்" என்பது பொய். செய்வினையும் இல்லை, தொற்றும் நோயும் இல்லை.

தமிழ்நாட்டில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த குடல் புற்றுநோயை முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்தார்கள். 1923 இல் தங்கை இறந்துபோனார். அந்தத் துக்கத்தை மறக்காமல், 1954 இல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியையே தொடங்கினார் அந்த அம்மா. டொக்டர் வீட்டிலேயே ஆரம்பத்தில் பிடிபடவில்லை என்றால், நாம எவ்வளவு கவனமா இருக்கணும்?

20 வயது தாண்டியவங்க மாதம் ஒரு தடவை, மாதவிடாய் முடிந்த சில நாளில், கண்ணாடி முன் நின்று பாருங்க. விரல் மூன்றால் மார்பு முழுக்க, அக்குள் வரைக்கும் தடவுங்க. புதுக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுபடுதல், காம்பில் இரத்தம் அல்லது ஆறாத புண் இருந்தால் உடனே காட்டுங்க. வலி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதே நேரம் கட்டி எல்லாம் புற்றுநோயும் இல்லை, முக்கால்வாசிக்கு மேல் சாதாரணக் கட்டிதான். எது எது என்று டொக்டர்தான் சொல்லணும்.

1996 முதல் நம்ம நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்குது. 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போங்க. குடும்பநல மாதுவிடம் நாள் கேளுங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசில்லை. புற்றுநோய்க்கு மகரகமை மட்டுமல்ல, கண்டி, பதுளை, மட்டக்களப்பு, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிகளிலும் வைத்தியம் உண்டு.

கடைசியா ஒரு வார்த்தை. ஒருநாள் பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். இனி லீவு கேட்டு வரும் எந்த அம்மாவையும், என்ன ஏது என்று கேட்காமல் "அடுத்த மாசம்" என்று அனுப்ப மாட்டோம். நீங்களும் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. எங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்தால், பிள்ளைக்காம்பரா ஆயாவிடமாவது காதோட சொல்லுங்க. கப்பல் துறைமுகத்துக்குள்ளே நிற்கும்போதே பிடிச்சிடுவோம்.