முன்சக்கரம் உள்ளே போய்விட்டால் போதுமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சைக்கிள் ஸ்டாண்டில் கேட்பாரற்று நிற்கும் வண்டிகளைப் பற்றிச் சங்கம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. உரியவர்களிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, நல்ல பாகங்களைக் கழற்றி, நம் பிள்ளைகளின் வண்டிகளுக்கு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். நல்ல யோசனைதான். பெல், சீட், மட்கார்டு, ஸ்டாண்டு எதை மாற்றினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்சக்கரத்துக்கு மட்டும் சில நிபந்தனைகள் வேண்டும். அதைச் சொல்லத்தான் செயலாளரிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

பின்சக்கரம் தளர்ந்தால் ஃபிரேமில் உரசும், செயின் கழலும், வண்டி நின்றுவிடும். பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் கழன்றால் கதை வேறு. ஃபோர்க்கின் முனை நேராகத் தரையில் குத்தும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

ஒரு காலத்தில் இந்தக் கவலை நமக்கு இல்லை. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆகட்டும், வடநாட்டுக் கம்பெனிகள் ஆகட்டும், அன்று பெரும்பாலும் செய்தது இங்கிலாந்து ரோட்ஸ்டர் மாதிரியில் அமைந்த கறுப்பு வண்டிதான். அதன் முன் அச்சு 5/16 அங்குலம். பட்டறைக் கணக்கில் இரண்டரை நூல், ஏறக்குறைய 8 மி.மீ. பின் அச்சு மூன்று நூல். அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் ஒருவர் வண்டிச் சக்கரத்தை இன்னொருவர் வண்டியில் மாட்டினாலும் ஒழுங்காக உட்காரும். 2001-02-இல் தொடங்கி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரப்படும் விலையில்லா சைக்கிள்களும் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான். "எந்த வீலையும் எந்த வண்டியிலும் மாட்டலாம்" என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

இன்று நம் ஸ்டாண்டைப் பாருங்கள். குழந்தைகளின் 16, 20 அங்குல வண்டிகள், கியர் சைக்கிள்கள், டிஸ்க் பிரேக் வண்டிகள், ஞாயிறு விடியற்காலையில் சிதம்பரம் வரை போய்வருபவர்களின் விலை உயர்ந்த வண்டிகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பார்வைக்கு ஒரே அளவுச் சக்கரம் போலத் தெரியும். மூன்று விஷயங்களில் வேறுபடும்.

முதலாவது அகலம். ஹப்பின் இரண்டு பக்கமும் உள்ள லாக் நட்டுகளின் வெளிமுகத்துக்கு இடையே எவ்வளவு என்று அளக்க வேண்டும். பெரியவர்களுக்கான கியர் சைக்கிள்களில் பொதுவாக 100 மி.மீ. பழைய ரோட்ஸ்டரிலும் பல சிறுவர் வண்டிகளிலும் அதைவிடக் குறைவு. அகலம் குறைந்த ஹப்பை அகலமான ஃபோர்க்கில் வைத்து நட்டை முறுக்கினால், ஃபோர்க்கின் இரு கால்களும் உள்ளே வளையும். நட்டு சமமாகப் பதியாது, ஓட ஓடத் தளரும். சின்ன இடைவெளி என்றால் இரண்டு பக்கமும் சம அளவு வாஷர் போடலாம். போட்ட பிறகும் நட்டு முழு மரையிலும் ஏறி, ஒன்றிரண்டு புரி வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த அச்சு அந்த வண்டிக்குப் போதாது. ஹப்பு அகலமாக இருந்து ஃபோர்க்கை விரித்து மாட்ட நினைத்தால், வேண்டாம். அலுமினியத்திலும் கார்பனிலும் அது விரிசலுக்கு வழி.

இரண்டாவது, அச்சின் தடிமன். இரண்டரை நூல் அச்சு 8 மி.மீ. அளவு. குயிக் ரிலீஸ் லிவர் வைத்த ஹப்பின் அச்சு 9 மி.மீ. சில கனமான வண்டிகளில் முன் அச்சே மூன்று நூல், அதாவது 9.5 மி.மீ. 9 மி.மீ. வாயுள்ள ஃபோர்க்கில் 8 மி.மீ. அச்சு சுலபமாகப் போகும். ஆனால் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் உட்காரும். 9.5 மி.மீ. அச்சு போகாது. அங்கேதான் அரத்தை எடுக்கிறார்கள். நம் ஸ்டாண்டிலேயே ஒரு வண்டியில் ஃபோர்க்கின் வாயை ராவியிருப்பதைப் பார்த்தேன். செய்த கடை எது என்பது முக்கியமில்லை. ராவிய இரும்பு திரும்ப வளராது. அந்த ஃபோர்க்கில் இனி சரியான சக்கரமும் சரியாக நிற்காது.

மூன்றாவது, சக்கரத்தைப் பிடித்துவைக்கும் முறை. சாதாரண நட்டு, குயிக் ரிலீஸ் லிவர், த்ரூ ஆக்சில் என்று மூன்று வகை. பல ஃபோர்க்குகளின் முனையில் சிறு விளிம்பு இருக்கும். சிலவற்றில் காது வைத்த வாஷர் ஒரு துளையில் மாட்டியிருக்கும். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் உடனே விழாமல் தடுக்கவே அவை. மாட்டுவதற்கு இடைஞ்சல் என்று அந்த வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். லிவரைப் பட்டர்ஃபிளை நட்டு போலச் சுழற்றி முறுக்கக் கூடாது. பாதி மடக்கும்போதே கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும், முழுக்க மடக்கினால் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும்.

த்ரூ ஆக்சில் ஃபோர்க்கில் திறந்த வாய் இல்லை, முழுத் துளைதான். அச்சு 12 அல்லது 15 மி.மீ., ஹப்பின் அகலம் 100 அல்லது 110 மி.மீ. 12 மி.மீ. அச்சிலேயே 1, 1.5, 1.75 மி.மீ. என்று மரை வேறுபடும். தடிமன் ஒன்றுதானே என்று பலவந்தமாகத் திருகினால் ஃபோர்க்கின் மரை போய்விடும்.

டிஸ்க் பிரேக் வண்டிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பிரேக் பிடிக்கும் பாகம் இடது காலின் பின்புறம் இருப்பதால், பிரேக் பிடிக்கும் விசை அச்சைக் கீழ்நோக்கி, திறந்த வாயை நோக்கித் தள்ளுகிறது. சரியாக இறுக்கிய சக்கரம் இதைத் தாங்கும், அரைகுறையாக இறுக்கியது தாங்காது. 2015-இல் ட்ரெக் கம்பெனி அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முழுக்கத் திறந்த லிவர் டிஸ்க்கில் சிக்கிச் சக்கரத்தை நிறுத்திவிடும் அபாயம் இருந்ததுதான் காரணம். அதே ஆண்டு வேறு 13 கம்பெனிகளும் இதே காரணத்துக்காக வண்டிகளை அழைத்தன. அன்று சொன்ன சோதனை எளிது. லிவரை முழுக்கத் திறந்து, அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் லிவரை மாற்றுங்கள்.

இதோடு நம் ஊர் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த மரையில் நட்டு இறுகிவிட்டதுபோல ஸ்பேனருக்குத் தெரியும், உண்மையில் ஃபோர்க்கைப் பிடித்திருக்காது. மழை வெள்ளத்தில் ஹப்பு வரை மூழ்கிய வண்டியில் கிரீஸும் போயிருக்கும். வருடக்கணக்கில் நின்ற சக்கரம் என்றால் கோன், குண்டு, நட்டு மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

மாட்டிய பிறகு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. ரிம்முக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் இடைவெளி சமமா என்று பாருங்கள். சமமில்லை என்றால், டிஸ்க் இல்லாத சக்கரத்தைத் திருப்பி மாட்டுங்கள். சாய்வு மறுபக்கம் போனால் கோளாறு சக்கரத்தில், கோட்டம் எடுத்தால் தீரும். அதே பக்கம் நின்றால் கோளாறு ஃபோர்க்கில். கடைசியாக முன்பக்கத்தைத் தூக்கி, டயரின் மேலே கையால் ஓங்கித் தட்டுங்கள். அசையவே கூடாது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. வாட்ச்மேன் அறையில் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு முன்சக்கரத்திலும் அகலம், அச்சின் தடிமன், பிடிக்கும் முறை மூன்றையும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத சக்கரம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பழைய இரும்புக்குப் போகட்டும். எடைக்குப் போட்டால் சில ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான். சில்வர் பீச் ரோட்டில் வேகமாக மிதித்துப் போகப்போவது நம் பிள்ளைகள்.