அறிவுக் கோட்டமும் அறமல்லாப் பொருளும்
(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பல்கலைக்கழகம் தன் பொருளை எங்கே இட்டு வளர்க்கின்றது என்பது கணக்கர் மட்டும் பார்க்கத்தக்க செய்தியா? அன்றி, அங்குக் கற்பவரும் கற்பிப்பவரும் கேட்கத்தக்க அறமா? இவ் வினாவே இவ் வுரையின் பொருள். இதனை ஓங்கி எழுப்பியவர் அமெரிக்க மாணவர். எழுப்பிய இடங்களுள் தலையாயது நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம்.

அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்கள் மாணவர் கட்டும் பணத்தால் மட்டும் நடைபெறுவன அல்ல. கொடையாளர் ஈந்த பெரும்பொருளை வைப்பாக்கி, நிறுவனப் பங்குகளில் இட்டு, அவ் வூதியத்தையும் கொண்டு நடைபெறுவன. 2023-இல் கொலம்பியாவின் வைப்பு 1,300 கோடி தாலருக்கு மேற்பட்டது. அதன் பெரும்பகுதி எந்தெந்த நிறுவனத்தில் உள்ளது என்பதை வெளியார் அறியார். ஆகலின் மாணவர் முதன்மையாகக் கேட்டவை இரண்டு. ஒன்று, கணக்கை வெளியிடுக. மற்றொன்று, பாலத்தீன நிலத்தைப் பற்றிவைத்திருக்கும் இசுரேலிய ஆட்சிக்குத் துணைபோய் ஊதியம் ஈட்டும் நிறுவனங்களினின்று பங்கை விலக்குக.

இக் கோரிக்கை ஒரே நாளில் முளைத்ததன்று. 1967-ஆம் ஆண்டுப் போரில் மேற்குக்கரையும் கிழக்கு எருசலேமும் காசாவும் இசுரேலின் கைப்பட்டன. மேற்குக்கரையில் பிறர் நிலத்தில் குடியேற்றங்கள் எழுந்தன. 2005 சூலையில் பாலத்தீனப் பொதுமக்கள் அமைப்புகள் பல ஒன்றுகூடி, புறக்கணிப்பும் பங்கு விலக்கமும் வேண்டும் என உலகத்தாரை அழைத்தன. 2020-இல் ஒன்றிய நாடுகள் மன்றத்தின் மாந்த உரிமை அலுவலகம், குடியேற்றங்களோடு வணிகத் தொடர்புள்ள 112 நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டது. அதே ஆண்டில் கொலம்பியாக் கல்லூரி மாணவரிடை வாக்கெடுப்பு நிகழ்ந்தது. வாக்களித்தவருள் 61 விழுக்காட்டினர் பங்கு விலக்கத்தை வேண்டினர். பல்கலைக்கழகத் தலைவர் மறுத்தார்.

2023 அக்தோபர் 7 அன்று அமாசு படையினர் இசுரேலுள் புகுந்தனர். ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 250 பேர் அளவில் பிணையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அக் கொடுமையைக் கொடுமை என்றே கூறல் வேண்டும். அதன்பின் காசாவின்மேல் இசுரேல் தொடுத்த போரில், 2024 ஏப்பிரல் முடிவதற்குள் இறந்தோர் 34,000-க்கு மேற்பட்டனர் எனக் காசா நலத்துறை கணக்கிட்டது. ஒரு கொடுமை மற்றொரு கொடுமைக்கு உரிமைச்சீட்டு ஆகாது.

2024 ஏப்பிரல் 17 விடியலில் கொலம்பியாப் புல்வெளியில் கூடாரங்கள் எழுந்தன. மறுநாளே காவற்படை வந்து நூற்றுக்கு மேற்பட்டோரைத் தளைசெய்தது. இசுரேல் தொடர்பான பங்குகளை விலக்குவதற்கில்லை எனத் தலைவர் 29-ஆம் நாள் அறிவித்தார். அன்றிரவு கடந்து மாணவர் சிலர் ஆமில்டன் மாளிகையைக் கைப்பற்றி, காசாவில் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் பெயரை அதற்குச் சூட்டினர். 30-ஆம் நாள் இரவு காவற்படை உட்புகுந்து அவர்களை வெளியேற்றியது.

அந்த ஆமில்டன் மாளிகைக்கு ஒரு பழங்கதை உண்டு. 1985 ஏப்பிரலில், தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியோடு வணிகம் செய்யும் நிறுவனங்களினின்று பங்கை விலக்குக எனக் கோரி, மாணவர் அதன் வாயிலை மூன்று கிழமை மறித்தனர். அவ் வாண்டு அக்தோபரில் ஆட்சிக்குழு இசைந்தது. மறு ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் அவ் வழி சென்றது. அமெரிக்கப் பேராயமும் தலைவர் இரேகனின் மறுப்பை மீறித் தென்னாப்பிரிக்காவின்மேல் தடைச்சட்டம் இயற்றியது. சிறைமீண்ட மண்டேலா 1990-இல் கலிபோர்னியா சென்றபோது அங்கு நிகழ்ந்த பங்கு விலக்கத்தைப் பாராட்டினார். 2015-இல் தனியார் சிறை வணிகத்தினின்றும் கொலம்பியா தன் பங்கை விலக்கிக்கொண்டது.

இனி, மறுப்போர் கூற்றுகளை ஆய்க. "கல்விக்கழகம் நடுநிலை நிற்க வேண்டும்" என்பர். பங்கை வைத்திருப்பதும் ஒரு பக்கம் நிற்பதே அன்றோ? 1985-இலும் 2015-இலும் குறுக்கிடாத நடுநிலை, பாலத்தீனர் என்றவுடன் மட்டும் குறுக்கிடுவது ஏன்?

"நீ விற்ற பங்கை வேறொருவன் வாங்குவான், நிறுவனத்துக்கு ஓர் இழப்பும் இல்லை" என்பர். இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் விலக்கத்தின் ஆற்றல் பணத்தில் இல்லை, பெயரில் உள்ளது. அறிஞர் கழகம் ஒன்று "இவ் வூதியம் எமக்கு வேண்டா" என்று சொல்லும்போது, அச் சொல்லை அரசுகளும் கேட்கும். தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது அதுவே.

"இது யூதர்மேற் பகை" என்பர். ஓர் ஆட்சியின் செயலைக் கண்டிப்பது ஓர் இனத்தைப் பகைப்பதாகாது. கூடாரங்களில் யூத மாணவரும் இருந்தனர். ஆயினும், எந்த யூத மாணவராவது பிறப்புக் கரணியமாக இழிக்கப்பட்டாரெனின் அது பழியே; அறப்போர் தன்மேல் அப் பழி படியாது காத்தல் வேண்டும்.

2024 சூலை 19 அன்று அனைத்துநாட்டு முறைமன்றம், பாலத்தீன நிலத்தில் இசுரேல் தொடர்ந்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது எனவும், அந் நிலை நீடிக்க எந் நாடும் துணைபோதல் கூடாது எனவும் தன் கருத்துரையில் கூறியது. அயர்லாந்தின் திரினிட்டிக் கல்லூரி 2024 மே திங்களில் ஒரு பகுதி விலக்கத்துக்கு இசைந்து, 2025 சூனில் இசுரேலோடுள்ள தொடர்புகளை விலக்க முடிவுசெய்தது. பிரௌன் பல்கலைக்கழகமோ மாணவர் கோரிக்கையை வாக்குக்கு விட்டு, 2024 அக்தோபரில் மறுத்தது.

பணிந்துபோன கொலம்பியா பெற்றது என்ன? யூத மாணவரைக் காக்கத் தவறியது எனக் கூறி 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு 40 கோடி தாலர் நல்கையை நீக்கியது. சூலையில் மூன்றாண்டுகளில் 20 கோடி தாலர் கட்ட அப் பல்கலைக்கழகம் உடன்பட்டது. மாணவர் வினாவுக்கு முகங்கொடாத நடுநிலை, அரசின் கையினின்றும் அதனைக் காக்கவில்லை.

பொருள் வந்த வழியைப் பார்த்தே அதனைக் கொள்ளல் வேண்டும் என்பது வள்ளுவர் நெறி. அறம் இன்னதென மாணவர்க்குக் கற்பிக்கும் கழகம், அதே மாணவர் தன் கணக்கேட்டைக் காட்டு என்று கேட்டால், காவலரை அழைத்தல் விடையாகாது. ஏட்டைத் திறப்பதே விடை.