பேரேடும் அடிச்சுவடும்

சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு எமக்குத் தரப்பட்ட பொருளோ மென்பொருள் வாங்குவது பற்றியது. தமிழ்ச் சங்கத்தில் இதற்கென்ன இடம் என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். ஒயிட்பீல்டிலும் கோரமங்கலாவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் நம் பிள்ளைகள் பகலெல்லாம் உழைத்து இரவில் வீடு திரும்புகின்றார்கள். அவர்கள் எதில் உழைக்கின்றார்கள் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டாவா? அஃது ஒன்று. இன்று மாலை பொதுக்குழு முடிவு செய்ய வேண்டிய ஒரு கோரிக்கையும் இப்பொருளோடு பிணைந்துள்ளது. அதனை இறுதியில் சொல்வோம்.

நம் குடியிருப்பின் இளைஞர் சிலர், இங்குள்ள தாய்மார்கள் செய்யும் முறுக்கு, அதிரசம், வடாம், ஊறுகாய் ஆகியவற்றை விற்க ஒரு செயலி அமைத்திருப்பதை நீவிர் அறிவீர். செயலியைத் திறப்போர் பலர், வாங்குவோர் சிலர். காரணம் காண ஒரு மென்பொருள் வாங்க வேண்டும் என்று குழு எண்ணியது. கையிலிருந்த பொருளோ ஒன்றுக்கே போதும். வாடிக்கையாளர் தரவு மென்பொருள் வேண்டும் என்றது ஒரு சாரார். பயன்பாட்டு ஆய்வு மென்பொருள் வேண்டும் என்றது மறு சாரார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இரு சாராரும் சங்க நூலகத்திற்கு வந்து நம்மிடம் முறையிட்டனர்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பழைய மளிகைக் கடைக்காரர் ஒருவரை நினைந்து பாருங்கள். அவரிடம் ஒரு பேரேடு உண்டு. யார், எந்தத் தெரு, என்ன அரிசி வாங்குவார், எவ்வளவு கடன் நிற்கிறது என்பன அதில் இருக்கும். அதே கடைக்காரருக்குக் கூரிய கண்ணும் உண்டு. வந்தவர் எந்தப் பக்கம் திரும்பினார், எதனைக் கையில் எடுத்தார், எவ்விடத்தில் தயங்கி வெறுங்கையோடு வெளியேறினார் என்பதை அது பார்க்கும். பேரேடு ஆளை அறிவது. கண்ணோ அடிச்சுவட்டை அறிவது. வாடிக்கையாளர் தரவு மென்பொருள் பேரேட்டின் வழிவந்தது. பயன்பாட்டு ஆய்வு மென்பொருள் கண்ணின் வழிவந்தது.

முன்னதன் தொழில் ஒன்றுசேர்த்தல். செயலியில் கைபேசி எண்ணாகவும், இணையதளத்தில் மின்னஞ்சலாகவும், ரசீதில் பெயராகவும் சிதறிக் கிடக்கும் ஒருவரை ஒரே ஏட்டுப் பக்கத்தில் சேர்ப்பது. சேர்த்ததைக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், விளம்பரம் முதலிய பிற கருவிகளுக்கு அனுப்புவது. இத்துறைக்கு அமெரிக்கரான டேவிட் ராப் என்பார் 2013இல் பெயரிட்டார். இதில் புகழ்பெற்ற செக்மெண்ட் நிறுவனம் 2011இல் வகுப்பறைக்கான ஒரு கருவியாகத் தொடங்கி, அது நிலைக்காமற் போகவே, தரவைப் பல கருவிகளுக்கும் பகிர்ந்தளிக்கும் பணிக்குத் திரும்பியது. 2020இல் டுவிலியோ நிறுவனம் அதனை ஏறத்தாழ 320 கோடி டாலருக்கு வாங்கிற்று. வாடிக்கையாளரை அறிந்து செய்தி அனுப்பும் மோஎங்கேஜ் நிறுவனம் 2014இல் நம் பெங்களூரிலேயே தோன்றியது.

பின்னதன் தொழில் உற்றுநோக்கல். திரையில் விரல் படும் ஒவ்வொரு முறையும் ஒரு நிகழ்வாக, நேரத்தோடு பதிவாகும். எடுத்துக்காட்டாக, நூறு பேர் செயலியைத் திறந்தனர், அறுபதின்மர் பலகாரத்தைப் பார்த்தனர், நாற்பதின்மர் கூடையில் இட்டனர், எண்மரே பணம் செலுத்தினர் என்று கொள்வோம். எந்தப் படியில் கூட்டம் கரைந்தது என்பதை இக்கருவி காட்டிவிடும். பொங்கலுக்கு வந்தவர்களுள் எத்தனை பேர் தீபாவளிக்கும் வந்தனர் என்பதையும் கணக்கிடும். 2009இல் தோன்றிய மிக்ஸ்பேனல், 2012இல் தோன்றிய ஆம்பிளிடியூட் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. நம் சொந்தக் கணிப்பொறியிலேயே நிறுவத்தக்க திறந்த மூல மென்பொருள்களும் உண்டு. 2007இல் பிவிக் என்ற பெயரில் பிறந்து 2018இல் மட்டோமோ எனப் பெயர் மாறியதும், 2020இல் வந்த போஸ்ட்ஹாகும் அத்தகையன. இரு துறைக்கும் இடையே இருந்த வேலி இப்போது தளர்ந்து வருகின்றது. ஆம்பிளிடியூட்டே 2022இல் வாடிக்கையாளர் தரவுத்தளம் ஒன்றை அறிவித்தது. எனவே பெயரைப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவர். வேலையைப் பார்த்து வாங்குவோரே தேறுவர்.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை என்று 47ஆம் அதிகாரம் வகுத்தது வேந்தருக்கு மட்டுமா? வாணிகருக்கும் அது பொருந்தும். ஆதலின் அவ்விளைஞர்களிடம் நாம் விலையைக் கேட்கவில்லை. "நீங்கள் விடை காண விழையும் வினா யாது? அதனை ஒரு தாளில் எழுதித் தாருங்கள்" என்றோம். அன்று அவர்களால் எழுத இயலவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரே வரி எழுதி வந்தனர். கூடை வரை வந்தவர் ஏன் பணம் செலுத்தாமல் திரும்புகின்றார் என்பதே அது.

இவ்வினா அடிச்சுவட்டைப் பற்றியது. ஆளைப் பற்றியது அன்று. ஓர் அளவு வரை கட்டணமின்றிக் கிடைக்கும் ஆய்வுக் கருவி ஒன்றை இணைத்தனர். முகவரி எழுதும் திரையில் கூட்டம் கரைவது தெரிந்தது. எங்கே என்று கருவி சொல்லியது. ஏன் என்று சொல்லவில்லை. அதனை அறியக் குழுவிலிருந்த பெண்மணி ஒருவர் நம் தெருப் பாட்டியார் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் செயலியைப் பயன்படுத்துவதைப் பார்த்தார். பாட்டியார் தம் பெயரை எழுதினார். அடுத்த கட்டம் குடும்பப் பெயரைக் கேட்டது. "எனக்கு ஏதம்மா குடும்பப் பெயர்? தந்தையின் தலையெழுத்து ஒன்றுதானே உண்டு!" என்றார். ஓரெழுத்தை இட்டுப் பார்த்தார். செயலி அதனை ஏற்க மறுத்தது. கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

தமிழ்ப் பெண்கள் செய்த பலகாரத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் விற்கும் கடையில், தமிழருக்கு இல்லாத ஒரு பெயரைக் கேட்டு வாயிலடைத்திருந்தோம்! வேறொரு நாட்டார் வகுத்த படிவத்தை அப்படியே எடுத்து வைத்ததன் விளைவு அது. அந்தக் கட்டத்தை அன்றே நீக்கினர்.

பேரேட்டு மென்பொருளை முதலில் வாங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? வாங்காமற் போனவர்களுக்கு மேலும் மேலும் குறுஞ்செய்தி பறந்திருக்கும். கதவு மூடியே இருந்திருக்கும். மேலும், ஒரே கைபேசியைத் தாயும் மகனும் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடையே பல. எண்ணை வைத்து ஆளைச் சேர்க்கும் கருவி இருவரையும் ஒருவராக்கிவிடும். மீனாட்சி என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நான்கு வகையாக எழுதுவோர் உண்டு. பெயரை வைத்துச் சேர்க்கும் கருவி ஒருவரை நால்வராக்கிவிடும்.

ஆயின் பேரேடு வேண்டவே வேண்டாவா? வேண்டும் காலம் உண்டு. செயலி, கடை, தொலைபேசி எனப் பல வாயில்கள் வழியே ஒரே வாடிக்கையாளர் வந்து, ஒரு வாயிலில் சொன்னது மறு வாயிலுக்குத் தெரியாமல் அல்லற்படும்போது அது தேவை. அந்நிலை வருமுன் அதனை வாங்குவது, தொட்டில் வாங்குமுன் பள்ளிக்கூடத்திற்குப் பணம் கட்டுவது போலாம்.

எக்குழுவினரும் வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. முதலாவது, எந்த வினாவுக்கு விடை வேண்டும்? இரண்டாவது, கட்டணம் எதனைக் கொண்டு வளரும்? ஆள் தொகையைக் கொண்டு வளர்வதும் உண்டு. நிகழ்வுத் தொகையைக் கொண்டு வளர்வதும் உண்டு. மூன்றாவது, நம் தரவின் படி நம்மிடம் இருக்குமா? கூகுள் நிறுவனம் தன் பழைய இணைய ஆய்வுக் கருவியை 2023 சூலை 1 அன்று நிறுத்தத் தொடங்கி, அடுத்த ஆண்டு அதன் பழைய பதிவுகளையும் மூடியது. படியெடுத்து வைக்காதவர் பல்லாண்டுக் கணக்கை இழந்தனர்.

இனி அக்கோரிக்கைக்கு வருவோம். நம் சங்க உறுப்பினர் பதிவேட்டைத் தந்தால் விற்பனைக்கு உதவும் என்று குழுவினர் கேட்டுள்ளனர். நம் பிள்ளைகள், நல்ல நோக்கம். ஆயினும் தருதல் ஆகாது என்பது எம் கருத்து.

தனி வாழ்வின் மறைவுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி அவர்கள், இந்நகரப் பெரியவர். 2012இல், எண்பது வயது கடந்த நிலையில் வழக்குத் தொடுத்தவர் அவர். அதன் வழியே வந்தது 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருவன. ஒரு நோக்கத்திற்கு இசைந்து தந்த தரவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்பது அச்சட்டத்தின் உயிர்நிலை. இசைவு கேட்கும் அறிவிப்பைத் தமிழ், கன்னடம் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பையும் அது தருகின்றது. பதினெட்டு வயது நிரம்பாதாரின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணித்தலைத் தடுக்கின்றது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது.

சட்டத்தினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1983 சூலையில் கொழும்பில் வன்முறையாளர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றனர் என்பது வரலாற்றில் பதிவானது. வாக்குரிமைக்காக எழுதிய பெயர்கள் வேறொன்றுக்குப் பயன்பட்டன. 1991 டிசம்பரில் இந்நகரில் காவிரியை முன்னிட்டு எழுந்த கலவரத்தை மூத்தோர் மறந்திலர். அந்நாளில் நம் தெருவாரைத் தம் வீட்டினுள் அழைத்துக் காத்தவர்கள் கன்னட மொழி பேசும் அண்டை வீட்டாரே என்பதையும் மறந்திலர். அச்சமூட்ட இதனைச் சொல்லவில்லை. இன்று நாம் உடன்பிறந்தாராய் வாழ்கின்றோம். ஆயினும் இன்னார் இன்ன மொழியினர், இன்ன தெருவினர் என்னும் ஏடு எளிய பொருள் அன்று. அது யார் கையில் இருக்கின்றதோ அவர் கருத்தின்படி அது பயன் தரும். கணிப்பொறியில் ஏறிவிட்டாலோ எத்தனை கைக்குப் போகும் என்பதை யாரும் அறியார்.

ஆதலின் இளைஞர்களே! உங்கள் வாயிலைத் திறந்து வையுங்கள். வருவோரை இசைவு கேட்டு வரவேற்றுத் தேவையானதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சங்கப் பதிவேடு சங்கப் பேழையிலேயே இருக்கட்டும். நாங்கள் உங்கள் செயலியை எங்கள் வாய்மொழியாலேயே வீடுதோறும் அறிவிப்போம். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டா, கட்டணமும் இல்லை!

பாட்டியார் சென்ற வெள்ளியன்று தாமே அதிரசம் வரவழைத்தார் என்ற செய்தியைக் கூறி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!